துண்டுப் பாத்தி

கீழ்புத்துப்பட்டு அய்யனாருக்குப் பொங்கல் வைக்க வந்தேன். அடுப்பு எரிகிற நேரத்தில் கோவில் காட்டு நிழலில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன் என்றால் என் மனைவியே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். கணக்குக்குப் பயந்து கல்லூரியைப் பாதியில் விட்டவன்தானே!

ஒன்றில் தொடங்கி, 2ஆலும் 3ஆலும் மட்டுமே பெருக்கிக்கொண்டு போனால் 1, 2, 3, 4, 6, 8, 9, 12 என்று எண்கள் வரும். 5, 7, 10 வரா. 1000 வரையில் இப்படி எத்தனை தேறும்? 1913 ஜனவரியில், எஃப்.ஏ. பரீட்சையில் தேறாத சென்னைத் துறைமுகக் குமாஸ்தா இராமானுஜன், கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே இதற்கு ஒரு சூத்திரம் எழுதியிருந்தார். எண்ணை இரட்டித்து ஒரு லாகரிதம், மும்மடங்காக்கி ஒரு லாகரிதம். இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கி, 2இன் லாகரிதத்தாலும் 3இன் லாகரிதத்தாலும் வகுக்கவேண்டும். 1000க்குப் போட்டால் 39.96. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்: சரியாக 40!

இது எனக்குப் புரிந்ததற்குக் காரணம் மரக்காணம் உப்பளம். அப்பா அங்கே கணக்குப்பிள்ளை. ஓர் அளம் முக்கோணம்; இரண்டு வரப்பு நேர், மூன்றாவது சாய்வு. நேர் வரப்பு ஒன்றில் 2ஐ எத்தனை தடவை பெருக்கினோம் என்றும், மற்றதில் 3ஐ எத்தனை தடவை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு பாத்தி. 1000 என்பது சாய்ந்த வரப்பு. முக்கோணத்தின் பரப்பை மட்டும் எடுத்தால் 31.3, எண்ணிக்கை அதற்குக் குறையாது. சாய்வு வெட்டிய பாத்திகள் முழுதாக அடங்கும்படி வரப்பைத் தள்ளிப் போட்டால் 49.7, அதைத் தாண்டாது. இராமானுஜன் பரப்போடு இரண்டு நேர் வரப்பின் நீளத்திலும் பாதிப் பாதி சேர்த்து, மூலைக்கு அரைப் பாத்தியும் கூட்டிவிட்டார். அவ்வளவுதான். அந்த மிச்ச வித்தியாசத்தைப் பிடிக்க ஹார்டியும் லிட்டில்வுட்டும் பின்னால் பட்ட பாடு தனிக் கதை. ஹார்டி 1940இல் வெளியிட்ட இராமானுஜன் புத்தகத்தில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது.

அப்பாவுக்கு லாகரிதம் தெரியாது. பாத்தி மிதிப்பவர்களுக்குப் பாத்திக்கு இவ்வளவு என்று கூலி. வரப்பு இரண்டையும் காலால் அளப்பார், பெருக்கிப் பாதியாக்குவார், பிறகு இரண்டு வரப்பிலும் பாதிப் பாதி கூட்டுவார். துண்டுப் பாத்தியையும் மிதிக்கத்தானே வேண்டும் என்பார். அளத்துக்காரர் முழுப் பாத்திக்குத்தான் கூலி என்று நின்றார். கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நான், கேட்காமலே, "இதெல்லாம் குத்துமதிப்பு அப்பா" என்றேன், அத்தனை பேர் முன்னிலையில்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. முழுப் பாத்திக் கூலியை எண்ணிக் கொடுத்தார். கால் வெடித்து உப்புப் பூத்திருந்த ஒரு கிழவி, காசை முந்தானையில் முடிந்துகொண்டு, "தம்பி படிச்ச புள்ளை" என்றாள்.