கிடை நகரும் வயல்

ஏப்ரல் 18, மன்னார்குடிக்குத் தெற்கே

உளுந்து எடுத்த வயல். செம்மறி முந்நூறுக்குக் குறையாது. ராமநாதபுரம் பக்கமிருந்து மேய்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் வலையைச் சுற்றி ஊன்றி ஆடுகளை உள்ளே விட்டார்கள். பால்குடிக் குட்டிகளைக் கொடாப்புக் கூடையில் அடைத்து மேலே கல்லைத் தூக்கி வைத்தார், கிடையை நடத்தும் கீதாரியின் மனைவி. நரி பயமா என்றேன்.

"நாய் பயம் தம்பி. நரிய இப்ப எங்க பாக்குறது?"

ஏப்ரல் 19

வலையைப் பிடுங்கிய இடம் புழுக்கையும் மூத்திரமுமாகக் கறுத்துக் கிடக்கிறது. இன்றிரவு கிடை அதை ஒட்டிய துண்டில். இப்படியே வயல் முழுக்க நகர்ந்த பிறகு உழவு. கிடைக்குக் கூலி பணமாகவும் வரும், நெல்லாகவும் வரும். 'ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம்' என்று வயல்காரர் பேரம் முடியுமுன்பே சொல்லிவிட்டார். கீதாரி அதையே பிடித்துக்கொண்டு கூலியை ஏற்றினார்.

நாடோடி என்றால் கால் போன போக்கில் போகிறவர் என்று எழுதிப் பழகிவிட்டோம். இவர் கால் போவது அறுவடைக் கணக்கில். தை, மாசியில் சம்பா, தாளடி அறுப்பு. அதன் தாளிலேயே உளுந்தும் பயறும் நிற்கும். அவற்றை எடுத்த வயலில்தான் ஆடு இறங்கலாம். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலை தொடங்கிவிடும். இடையில் கிடைக்கும் வாரங்கள்தான் டெல்டாவில் இவருக்குச் சம்பாத்தியம். எந்த ஊரில் எந்த வயல் சும்மா கிடக்கிறது என்று போனில் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.

ஏப்ரல் 21

2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக ஐ.நா. அறிவித்திருப்பதைச் சொன்னேன்.

"மேய எடம் ஏதும் குடுப்பாகளா?"

என்னிடம் பதில் இல்லை. அந்த ஆண்டையொட்டிப் படக் கண்காட்சி வைத்தால் தலைப்பாகையும் துரட்டியும் அழகாக விழும். புறம்போக்கு சுருங்கியது எந்தப் படத்தில் விழும்? ஆடு மேய்க்கக் கொத்தடிமையாக விடப்பட்ட சிறுவர்களை மீட்ட செய்திகளும் இதே டெல்டாவிலிருந்து வந்தவைதான். இந்த வாழ்க்கையைக் கொண்டாடி எழுதுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தக் கிடையில் சிறுவர் யாரும் இல்லை. கீதாரியின் மகன் பரமக்குடிப் பக்கம் பாட்டியிடம் இருந்து படிக்கிறான். லீவு விட்டதும் வருவானாம்.

சாயங்காலம் அடுத்த ஊர்க்காரர் ஒருவர் பைக்கில் வந்து, "கோனாரே, எங்க வயலுக்கு எப்ப?" என்றார். கூலி இன்னும் படியவில்லை.