பத்தரும் பெட்டியும்

யாழ் என்றவுடன் நம் நினைவில் முதற்கண் எழுவது நரம்பே. ஆயின் யாழுக்குக் குரல் கொடுப்பது நரம்பு மட்டுமன்று. பத்தர் எனப்படும் குடைந்த உறுப்பும் ஆம். பொருநராற்றுப்படையைப் பயில்வோர், அதில் யாழின் பிற உறுப்புக்களுக்கு முன்னரே பத்தல் வருணிக்கப்படுதலையும், மானின் குளம்புச் சுவடு அதற்கு உவமையாதலையும் அறிவர். நரம்பை எத்துணைச் செவ்விதாக முறுக்கினும், பத்தர் பொருந்தாவிடின் இசை சிறவாது. இதனை யான் வகுப்பறையிற் கற்றேன். அதன் பொருளை உணர்ந்ததோ என் தமையனாரின் வண்டிக்கு ஒலிப்பெட்டி செய்தபோது.

தமையனார் குன்னூரில் வாடகை ஜீப் ஓட்டுபவர். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி விரைவு வண்டியினின்று இறங்கும் பயணிகளை மலையேற்றுதலும், தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிக் காட்டுதலும் அவர் தொழில். பாட்டின் அடியோசை நெஞ்சில் வந்து தாக்கவேண்டும் என்று இக்காலத்து இளைஞர் விரும்புகின்றனர். அஃதில்லா வண்டியை விட்டு அடுத்த வண்டியை நாடுகின்றனர். ஆகவே, சென்ற கோடைப் பருவத்துக்கு முன் 'சப்வூஃபர்' என்னும் தாழ்சுரக் கருவியொன்று வாங்க எண்ணினார். சமவெளியிலுள்ள கடைக்காரர் ஒருவர், 15 அங்குலக் கருவியையும் ஆயத்தமாயிருந்த பெட்டியையும் காட்டி, '2,000 வாட்' என்று புகழ்ந்தாராம். விலையோ வண்டிக்கடனின் இரண்டு மாதத் தவணைக்கு ஈடு. தவணை தவறினால் வண்டி போம். வண்டி போனால் என் கல்லூரிக் கட்டணமும் போம். "நீ படிக்கிறவன், கணக்குப் பார்த்துச் சொல்" என்று என்னிடம் விட்டார். தமிழ் படிப்பவனுக்கும் பெருக்கல் வகுத்தல் தெரியும் என்பதில் அவருக்கிருந்த நம்பிக்கையை யான் இன்றும் பாராட்டுகின்றேன்.

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே பாயும்போது முன்புறக் காற்று நெருங்குகின்றது. அதே கணத்திற் பின்புறக் காற்று தளர்கின்றது. வினாடிக்கு 40 முறை துடிக்கும் ஓசையின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். அத்துணை நீண்ட அலைக்கு ஓர் அடி அகலக் கூம்பு ஒரு தடையன்று. பின்னலை வளைந்து வந்து முன்னலையை விழுங்கிவிடும். இவ்விரண்டையும் பிரித்து வைத்தலே பெட்டியின் முதற்பணி. இரண்டாம் பணி நுட்பமானது. பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போலக் கூம்பைத் திருப்பித் தள்ளுகின்றது. பெட்டி சிறிதாயின் அவ்வில் விறைக்கும். ஓசை ஓரிடத்திற் குமுறி, அதன்கீழ் ஒழிந்துவிடும். பெரிதாயின் வில் தளரும். கூம்பு வரம்பு கடந்து ஆடும்.

முற்றும் மூடிய பெட்டியில் இக்காற்று வில்லையே முதன்மையாகக் கொண்டு, 1954-இல் ஒலிபெருக்கி செய்து காட்டியவர் அமெரிக்கராகிய எட்கர் வில்ச்சர். மற்றொரு வகை, புழை வைத்த பெட்டி. அதற்கு 1932-இல் காப்புரிமை பெற்றவர் ஆல்பர்ட் தூராஸ். புழைப் பெட்டியை விளங்கிக்கொள்ள மேனாட்டு நூல் வேண்டா. தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டிற் குடமடிப்பவரைப் பார்த்தாற் போதும். குடத்தின் வாயில் அறைய, கழுத்திலுள்ள காற்று உள்ளும் புறமும் ஊசலாடி, அக்குடத்துக்கே உரிய தாழ்ந்த குரலை எழுப்புகின்றது அன்றோ? புழைப் பெட்டியும் தனக்குரிய ஓசையை அவ்வாறே மிகுத்துக் காட்டும். அதனினும் தாழ்ந்த ஓசை வரின் கூம்பு காப்பின்றித் துள்ளும். இடமும் மிகுதியாக வேண்டும். மூடிய வண்டியின் உள்ளிடம் சிறிதாகலின், வினாடிக்கு ஏறத்தாழ 60 துடிப்புக்குக் கீழ் ஓசை தானே வலுப்பெறும். மூடிய பெட்டியில் அவ்விடத்து ஏற்படும் மெலிவை இவ்வலிவு பெரும்பாலும் ஈடுசெய்யும். எனவே மூடிய பெட்டியையே கொண்டோம்.

பெட்டியின் அளவை, ஆஸ்திரேலியராகிய நெவில் தீல் 1961-இலும், ரிச்சர்டு ஸ்மால் 1970-களிலும் வகுத்தளித்த எண்களாற் கணிக்கின்றனர். கருவியுடன் வரும் தாளில் இவை அச்சிடப்பட்டிருக்கும். வாட் கணக்கில் மயங்குவோர் இவற்றைப் பாரார். கூம்பின் தொங்கலுக்கு நிகரான விறைப்புடைய காற்றின் கொள்ளளவு ஒன்று. கூம்பின் துடிப்பு எத்துணை விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும் எண் மற்றொன்று. யாங்கள் தேர்ந்த 12 அங்குலக் கருவிக்கு முன்னது 60 லிட்டர், பின்னது 0.5. பெட்டியிலிட்டபின் இவ்வெண் 0.7 ஆதல் நன்று என்பர். 0.7-ஐ 0.5-ஆல் வகுத்து, ஈவைத் தன்னாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 2 வரும். அதில் ஒன்றைக் கழித்து, எஞ்சுவதால் 60-ஐ வகுக்க, பெட்டியின் அளவு 60 லிட்டர் ஆகும்.

ஈண்டுத்தான் எம் மலை குறுக்கிட்டது. அத்தாளின் எண்கள் தாழ்நிலத்துக் காற்றுக்கு உரியன. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் குன்னூர் சேர்வதற்குள் பந்துபோல் உப்பியிருத்தலை மலையேறிய யாவரும் கண்டிருப்பர். குன்னூர் கடல்மட்டத்தினின்று ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தது. இங்குக் காற்றழுத்தம் கடற்கரையதில் ஐந்தில் நான்கு பங்கே. அழுத்தம் குறையவே காற்று வில்லும் அவ்வளவு தளரும். ஆகவே 60 லிட்டர் செய்யும் வேலையை இங்கு 48 லிட்டரே செய்யும். செவிக்கு வேறுபாடு சிறிதே. ஆயினும் வண்டியில் 12 லிட்டர் என்பது ஒரு பயணியின் தோட்பை வைக்கும் இடம்.

சிப்ஸ் பொட்டலத்துக்கு நேர்வது பெட்டிக்கும் நேரும். மேட்டுப்பாளையத்திற் காற்றுப்புகாது அடைத்த பெட்டி அப்படியே குன்னூர் வந்தால், உட்காற்று அக்கூம்பை வெளியே தள்ளும் விசை 80 கிலோ எடைக்குக் குறையாது. ஓர் ஆள் ஏறி நிற்பதை ஒக்கும். நல்ல வேளையாக, எம்மரப்பெட்டியும் அவ்வளவு இறுக்கமுடையதன்று. மிக மெல்லக் கசிந்து அழுத்தம் சமனாகும். கூம்பை விரலால் அழுத்தி விட்டால் அது சற்றே தயங்கித் திரும்பவேண்டும். அவ்வளவு கசிவு நன்று. சீறும் ஓட்டை தீது.

மரவேலை எம் பாட்டனாரது. அவர் தேயிலைத் தொழிற்சாலையிற் பெட்டி அடித்தவர். காகிதப் பைகள் வருமுன், ஒட்டுப்பலகைப் பெட்டியில் அலுமினியத் தாள் விரித்து, விளிம்புகளில் தகரப்பட்டி அறைந்து தேயிலை அனுப்புவது வழக்கம். 18 மில்லிமீட்டர்ப் பலகையைக் கண்டு, "தேயிலைக்கே இவ்வளவு கனம் போட்டதில்லை, பாட்டுக்கா?" என்றார். பலகை அதிர்ந்தால் கூம்பின் உழைப்பைத் திருடிவிடும் என்று யான் கூறவும், விரல் முட்டியால் அதைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "இதுவும் பேசுதடா, நடுவிலே ஒரு கட்டை கொடுக்கணும்" என்றார். குறுக்குக் கட்டையின் தேவையை யான் நூலிற் படித்தறிந்தேன். அவர் தட்டி அறிந்தார். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மலிவுதான். எனினும் எம் ஊர்ப் பனியிலும் சாரலிலும் ஊறி வீங்கும். ஆதலின் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கப்பற்பலகை வாங்கினோம். உள்ளளவு 45, 38, 30 சென்டிமீட்டர். கருவியின் காந்தமும் கட்டையும் கொள்ளும் இடம் போக 48 லிட்டர். ஆணி அறையாது, பசை பூசித் திருகாணியால் முடுக்கினார். செவி மந்தித்தவராதலின், பாட்டு எழுந்தபோது பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக் கேட்டார்.

எஞ்சியது ஒன்று. வண்டியின் இரும்புக் கூடு உயர்ந்த சுரங்களை ஒருவாறு தடுக்கும், தாழ்ந்தவற்றைத் தடுக்கமாட்டாது. மேட்டுப்பாளையம்–குன்னூர்ச் சாலையிற் கல்லாறு யானைகளின் வழித்தடம். பலாப் பழுக்கும் காலத்திற் பர்லியாறு வரையிலும் அவை வரும். ஆசிய யானைகள் வினாடிக்கு 14 முதல் 24 துடிப்புள்ள, நம் செவிக்கு எட்டாத குரலால் ஒன்றையொன்று அழைக்கின்றன என்பதைக் காத்தரின் பெய்னும் அவர்தம் குழுவினரும் 1986-இல் வெளியிட்டனர். எம் கருவி 30 துடிப்பு வரை இறங்கவல்லது. அது யானைப் பேச்சுக்கு அண்டை வீடு. பிறர் உரையாடும் வீட்டு வாயிலில் நின்று பறையறைவது போன்றது, அவ்வழியே அதனை முழக்கிச் செல்லுதல். இதனை யான் சொன்னபோது தமையனார் மறுமொழி கூறவில்லை. மறுநாட் பார்த்தேன்: கியர்க் கோலின் அருகே அக்கருவிக்கென்று தனி விசையொன்று பொருத்தியிருந்தார். கல்லாற்றில் அதனை அணைப்பார். பர்லியாறு கடந்த பின்னரே போடுவார். பயணிகள் வினவினால், "இது யானைங்க பேசிக்கிற இடம் சார்" என்பார். சிலர் நகைப்பர், சிலர் கண்ணாடியை இறக்கிக் காட்டை நோக்குவர். ஒருவர் மட்டும் சினந்து பர்லியாற்றில் இறங்கி வேறு வண்டி ஏறினாராம். மே மாதத் தவணை தவறவில்லை.