திருத்திய படியை யார் படிப்பார்கள்?

கண்ணு,

கதை எழுதுவதற்கு ஒரு பட்டமா, அதற்குப் பணம் கட்டிப் படிக்கணுமா என்று உன் அப்பா கேட்கிறான். நம் செங்கல்பட்டில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம். அங்கே 1957-லிருந்து சிற்பக் கல்லூரி நடக்கிறது. கல், மரம், உலோகம், சுதை எல்லாவற்றிலும் வேலை பழக்கிப் பட்டமும் தருகிறார்கள். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை எழுப்பிய கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். ஸ்தபதி குடும்பத்தில் பிறந்தும் கணக்கில் பட்டம் வாங்கியவர். தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று போய்க்கொண்டிருந்த தொழில் வகுப்பறைக்கு வந்தது, குடி முழுகிவிடவில்லை. உளிக்கு வகுப்பு எடுக்கலாம் என்றால் பேனாவுக்கு மட்டும் என்ன சாபம்?

ஒரு வித்தியாசம் உண்டு. கல்லில் மூக்கு சிதைந்தால் அந்த நிமிஷமே எல்லாருக்கும் தெரியும். எழுத்தில் சிதைந்தது எழுதினவருக்குத் தெரியாது. மனசில் இருப்பதெல்லாம் தாளிலும் இறங்கிவிட்டதாகவே தோன்றும். அதனால்தான் இன்னொருத்தர் கண் வேண்டியிருக்கிறது. படைப்பெழுத்துப் படிப்பின் சாரமே அந்த இன்னொரு கண்தான் என்பது என் கட்சி.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1922-லேயே ஆய்வேட்டுக்குப் பதிலாகக் கதை, கவிதை தரலாம் என்று அறிவித்தது. 1936-ல் அங்கே எழுத்தாளர் பட்டறை தொடங்கியது. ஃபிளானரி ஓ'கானர் அதில் படித்துத்தான் வந்தார். இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் 1970-ல் தொடங்கிய வகுப்பில் பின்னாளில் படித்த கசுவோ இஷிகுரோ 2017-ல் நோபல் வாங்கினார். இந்த வகுப்புகளின் முறை ரொம்பச் சாதாரணம். ஒருவர் கதையை எல்லாரும் முன்கூட்டியே படித்துவிட்டு வந்து பேசுவார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதினவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது பல இடங்களில் விதி. உனக்கு அதுதான் கஷ்டமாக இருக்கும்.

அயோவாவுக்கு நம்மாள் ஒருத்தரும் போனார். அசோகமித்திரன், 1973-ல். அவர் போனது வகுப்பில் உட்கார அல்ல. பல நாட்டு எழுத்தாளர்களைச் சில மாதம் ஒன்றாகத் தங்கவைக்கும் திட்டம் ஒன்று அங்கே உண்டு. அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஜெமினி ஸ்டூடியோ வேலையை 1966-லேயே விட்டிருந்தார். அந்த அமெரிக்க நாட்களிலிருந்து 'ஒற்றன்' என்ற புத்தகம் வந்தது. அதில் எழுதுவது எப்படி என்ற பாடத்தைத் தேடாதே. உடன் தங்கிய மனிதர்களைத்தான் காண்பாய். பார்க்கிற கண்ணை இங்கேயே தயார் செய்துகொண்டு விமானம் ஏறியவர் அவர். போகிற இடத்தில் கதை கிடைக்கும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயே, அதற்காகச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகமே இல்லாமலும் அந்த இன்னொரு கண் கிடைத்ததுண்டு. கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல் என்ற சின்ன ஊர். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அந்த ஒரே ஊர்க்காரர்கள், சிநேகிதர்கள். முன்னவருக்கு 1970-லும் பின்னவருக்கு 1991-லும் சாகித்ய அகாதெமி விருது. இருவரும் ஒன்றாகப் படித்தார்கள், பாட்டு கேட்டார்கள், ஊர் பிரிந்த பிறகு கடிதம் எழுதிக்கொண்டார்கள். கி.ரா. கதை எழுதத் தொடங்கியபோது முப்பது வயதைக் கடந்திருந்தார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத அந்த மனிதரைத்தான் பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டார் வழக்காற்றுக்குப் பேராசிரியராக அழைத்து உட்கார வைத்தது. இதைக் கேட்டதும் 'அப்போ படிப்பே வேண்டாம்' என்று உன் அப்பா குதிப்பான். ஊருக்குள்ளேயே ஓர் அழகிரிசாமி கிடைத்தால் வேண்டாம்தான். உனக்கு யார் இருக்கிறார்கள்?

அந்தக் கண் காட்டுவதைத் திருத்தவும் மனசு வேண்டும். நான் அச்சகத்தில் புரூஃப் பார்த்துச் சாப்பிட்டவன். தினமும் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷனுக்குப் போய்வந்தேன். கம்போஸ் ஆன பிறகும் புரூஃபில் பத்தி பத்தியாக அடித்துத் திருத்துகிறவர்கள் உண்டு. அச்சுக்கோப்பவர்கள் திட்டித் தீர்ப்பார்கள். ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. முதல் ரகத்தாரின் புத்தகங்கள்தான் என் அலமாரியில் தங்கின.

அடுத்த முறை மாமல்லபுரம் போனால் ஐந்து ரதத்தோடு திரும்பிவிடாதே. ஊருக்கு மேற்கே பிடாரி ரதங்கள் இருக்கின்றன, கூட்டம் இருக்காது. மேல்பாகம் செதுக்கி முடிந்திருக்கும், கீழ்பாகம் வெறும் பாறையாகவே நிற்கும். உளித்தடம்கூட அழியவில்லை. மேலிருந்து கீழாக வேலை செய்தார்கள் என்று நமக்குக் காட்டிக்கொடுப்பது இந்த முடியாத வேலைகள்தான். முடிந்த சிற்பம் அதைச் சொல்லாது. அச்சில் வந்த கதையும் அப்படித்தான், எப்படி வந்தது என்பதை மறைத்துவிடும். கூடப் படிக்கிறவர்களின் அரைகுறைக் கதைகளை நாள்தோறும் படிக்கக் கிடைப்பது அந்த வகுப்பில் பெரிய லாபம். உன் கதையைப் பற்றி அவர்கள் சொல்வதைவிட அவர்கள் கதையில் நீ கண்டுபிடிப்பது அதிகம் உதவும்.

சோற்றுக்கும் வழி பார்த்துக்கொள். மொழிபெயர்ப்போ பிரதி திருத்தும் வேலையோ கூடவே பழகு. பட்டத்தைப் பார்த்து எந்தப் பத்திரிகையும் கதை வாங்காது.

சேர்வதற்கு முன் துறைத்தலைவரிடம் இரண்டு கேள்வி கேள். ஒரு பருவத்தில் என் கதையை எத்தனை பேர் முழுசாகப் படிப்பார்கள்? நான் திருத்தி எழுதிக் கொடுத்தால் அதையும் படிப்பார்களா? வெறும் பாடத்திட்டத்தை எடுத்து நீட்டினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடு. நேரான பதில் வந்தால் கட்டணத்தில் பாதி என்னுடையது. உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

தாத்தா