குழாயில் இன்னும் இரண்டு விரற்கடை

அக்டோபர் 12

குழாயில் தண்ணீர் இரண்டு விரற்கடை. பஞ்சு ஓரத்தில் பழுப்பேறியிருக்கிறது. கருக்கவில்லை. கருக்காதவரை சரி.

வேலைக்கார எறும்புகள் பதினெட்டு. மறுபடி எண்ணினால் இருபது. ராணியின் வயிற்றுக்கடியில் இரண்டு மூன்று நுழைந்துகொண்டு கணக்கைக் கெடுக்கின்றன. கூடுகள் அரிசிமணி மாதிரி ஒரே குவியல். அத்தனையும் வெளியே வந்தால் இந்தக் கண்ணாடிக் குழாய் கொள்ளாது. தண்ணீரும் தீர்ந்துவிடும்.

வீடு பார்க்க வேண்டும்.

கழுத்து வலி. விளக்கை அணைத்துப் படுத்தேன். எழுந்து போய் இன்னொரு முறை பார்த்தேன்.

அக்டோபர் 14

அக்கா அனுப்பிய அக்ரிலிக் வீடு வந்துவிட்டது. ஒன்பது அறை, நடுவில் சரிவுப் பாதை. எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளே தெரிகிறது. அக்கா பையனுக்கு அதுதான் வேண்டும். "மாமா, ராணி தெரியணும்!" என்று போனில் கத்தினான். எனக்கும் அதுதான் வேண்டும்.

மூடியைத் திறந்தால் குளோரோஃபார்ம் வாடை. ஒட்டிய கையோடு பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கே தலை வலிக்கிறது, உள்ளே இருக்கப்போவதற்கு? பால்கனியில் காற்றாட வைத்தேன்.

இருபது எறும்புக்கு ஒன்பது அறை. கட்டெறும்புக்கு இருட்டு வேண்டும், நெருக்கம் வேண்டும், முதுகுக்கு மேல் கொஞ்சமே இடம் வேண்டும். காலி அறை இருந்தால் அங்கேதான் குப்பை கொட்டும். கரப்பான் கால், உரித்த கூடு, எல்லாம். அப்புறம் பூஞ்சை.

அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எறும்புக்கு மாடி வீடா?" அவ்வளவுதான். டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

அக்டோபர் 16

ராத்திரி முழுக்க மழை. வாடை குறைந்திருந்தது. தண்ணீர்த் தொட்டியை மட்டும் நிரப்பி, காலி வீடாகவே வைத்துப் பார்த்தேன். காலையில் ஒன்பது அறைச் சுவரிலும் முத்து முத்தாக நீர். அக்ரிலிக் ஒரு சொட்டுக்கூட உறிஞ்சாது. பொடி எறும்பு ஒன்று அதில் ஒட்டிக்கொண்டால் முடிந்தது கதை.

படிக்கிற குறிப்பெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. ஈரத்தை எப்படிச் சேர்ப்பது, எப்படிக் காப்பது. ஹீட்டர் ஓடும் அறையில் அது நியாயம். சென்னையில் ஐப்பசியில் ஈரத்தை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது?

டால்கம் பவுடரைச் சானிட்டைசரில் குழைத்து ஒரு டப்பா விளிம்பில் தடவினேன். காய்ந்தால் எறும்பு வழுக்கி விழ வேண்டும். சாயங்காலத்துக்குள் பவுடர் ஈரம் வாங்கிப் பிசுபிசுத்துவிட்டது. வாசலில் பிடித்த கட்டெறும்பு ஒன்று சிரமமே இல்லாமல் ஏறி வெளியே வந்தது. கம்பி வலை மூடிதான் வழி.

தண்ணீர் இரண்டு விரற்கடைக்குக் கொஞ்சம் கீழே.

அக்டோபர் 17

சார்ல் ஜானே. பிரெஞ்சு எஞ்சினியர். 1900 பாரிஸ் கண்காட்சியில் இவருடைய எறும்பு வீடுகள் இருந்தன. பிளாஸ்டரில் வரிசையாக அறைகள், ஒரு கோடியில் தண்ணீர்க் குழி. அந்தப் பக்கம் ஈரம், மறுகோடி உலர்வு. முட்டையும் சின்னப் புழுவும் ஈரப் பக்கம். கூடு கட்டிவிட்டவை உலர்ந்த பக்கம். எது எங்கே என்பதை எறும்பே முடிவு செய்துகொள்ளும். இதைவிட மரியாதையான வீடு எனக்குத் தோன்றவில்லை.

ஸ்வீட் பாக்ஸில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றினேன். இறுகும்போது உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. மனசும் லேசாக இருந்தது. இதுதான், முடிவு செய்துவிட்டேன்.

அக்டோபர் 20

தீபாவளி. முதல் வெடி நாலரை மணிக்கே. ஓடிப்போய்க் குழாயைப் பார்த்தேன். எல்லாம் ராணியைச் சுற்றி நின்று முன்னும் பின்னும் உதறிக்கொண்டிருந்தன. வயிற்றைத் தரையில் தட்டுகின்றன. கட்டெறும்பு இப்படித்தான் அபாயம் சொல்லும். நான் கதவைச் சாத்தினாலே தட்டும், இன்றைக்கு ஒவ்வொரு வெடிக்கும்.

ஈரிழைத் துண்டில் சுற்றி, பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்தேன். அம்மா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி அப்பா: "ராணிக்கு ஒண்ணும் ஆகலியே?"

அவராகக் கேட்டது.

அக்டோபர் 22

பிளாஸ்டரில் பச்சைப் புள்ளிகள். ஊற்றிய நாளிலிருந்து அது காயவே இல்லை. தொட்டால் விரலில் குளிர்கிறது. ஜானேயின் ஊரில் இந்த மழை கிடையாது.

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டு வாங்கினேன். நல்ல சுட்ட மண், வெளியே நனைத்தால் உள்ளே ஈரம் வருகிறது. ஆசையாக இருந்தது. ஆனால் சூளையில் விளிம்பு லேசாக நெளிந்திருக்கிறது, மேலே வைத்த கண்ணாடி உட்காரவில்லை. அந்த இடுக்கு போதும், முதல் தலைமுறைப் பொடிசுகள் வெளியே வந்துவிடும்.

வேலைக்கு வரும் அக்கா என் மேஜைக்குக் கீழே எறும்புச் சாக்பீஸ் கோடு இழுத்துவிட்டார். கத்திவிட்டேன். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துக் கை எரிகிறது. அம்மா ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். சர்க்கரை டப்பாவுக்கு வைப்பது. "இதுக்குள்ள வை. வெளி எறும்பு உள்ள வராது, சாக்பீஸும் வேணாம்."

ஒன்றரை விரற்கடை.

அக்டோபர் 25

அப்பா காலையில் காணோம். முட்டி வலியோடு தெருக்கோடிக் கட்டடம் வரை போயிருக்கிறார். உடைந்த ஏஏசி பிளாக் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். சாம்பல் நிறம், எடையே இல்லை. ஐரோப்பாக்காரர்கள் எறும்பு வீடு குடைவது இந்தக் கல்லில்தான். நான் அவரிடம் சொன்னதாக ஞாபகமே இல்லை.

"ராணி என்ன அகலம்?"

சொன்னேன்.

"வாசல் எந்தப் பக்கம்?"

"நிழல் பக்கம்."

பழைய பை திறந்தது. ரசமட்டம், மூலைமட்டம், உளி. துணியில் சுற்றி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.

அக்டோபர் 27

மூன்று அறை. சுண்டுவிரல் தடிமன் ஆழம். எனக்கு இரண்டு போதும், அவர் மூன்று என்றார். விட்டுக்கொடுத்தேன். கல்லின் முகத்தைத் தரையில் தேய்த்து மட்டமாக்கினோம், கண்ணாடி வைத்தால் தாள்கூட நுழையவில்லை. வீடு முழுக்கத் தூசி. இரண்டு பேருக்கும் தும்மல். அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு கோடியில் குழி. தண்ணீர் விட்டதும் கல்லில் ஈரம் கருப்பாக ஏறியது. முதல் அறை முழுக்க, நடு அறையில் பாதி. கடைசி அறை வெளுப்பாகவே இருந்தது. அப்பா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 29

இணைத்தாயிற்று. கடையில் விற்கிற குழாய் கட்டெறும்பு ராணிக்குச் சின்னது. அப்பாவின் லெவல் ட்யூபில் ஒரு முழம் வெட்டினோம். கச்சிதம்.

பஞ்சை எடுத்தபோது குப்பென்று புளித்த நெடி. ஃபார்மிக் அமிலம். மூக்குக்குள் ஊசி. பயந்திருக்கின்றன.

கண்ணாடிமேல் சிவப்பு ஜெலட்டின் தாள். சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு. 1870களிலேயே ஜான் லப்பக் வண்ணக் கண்ணாடிகளை எறும்புகள்மேல் வைத்துச் சோதித்தவர். அவருடைய ராணி ஒன்று ஏறக்குறைய 15 ஆண்டுகள் உயிரோடு இருந்து 1888இல் செத்தது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே கொஞ்சம் மண், அவ்வளவுதான் அதற்கு வீடு.

15 ஆண்டுகள். அப்பாவுக்கு அப்போது... வேண்டாம்.

அக்டோபர் 31

போகவில்லை. ஒன்றுகூடப் போகவில்லை. ஒரு விரற்கடை.

கவிழ்த்துத் தட்டிவிடலாம் என்று அக்கா பையன் யோசனை சொன்னான். எரிந்து விழுந்தேன். பாவம்.

நவம்பர் 2

போகவில்லை. குழாய்மேல் சுற்றிய தாளை எடுத்தேன். அந்தப் பக்கம் வெளிச்சம், இந்தப் பக்கம் இருட்டு. வற்புறுத்தல்தான் இதுவும். மெதுவான வற்புறுத்தல்.

அக்ரிலிக்கை மறுபடி எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். எவ்வளவு தெளிவு! இதில் விட்டால் தினமும் முகம் பார்க்கலாம். திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

அரை விரற்கடை.

நவம்பர் 4

ஒன்று போயிற்று! லெவல் ட்யூபில் பாதிவரை வந்து திரும்பி, மறுபடி வந்து, உணர்கொம்பால் சுவரைத் தடவித் தடவி உள்ளே. நடு அறையைச் சுற்றிவிட்டு ஓட்டமாகத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, தன்னைவிடப் பருத்த கூட்டைத் தாடையில் கவ்விக்கொண்டு. ட்யூப் வளைவில் கூடு மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு, சுற்றிவந்து, பின்னாலிருந்து இழுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கூடுகள் வெளுத்த அறைக்கு. பொடிப் புழுக்கள் கருத்த அறைக்கு. யாரும் சொல்லித்தரவில்லை.

ராணி அசையவில்லை.

நவம்பர் 5

அசையவில்லை. தண்ணீர் இல்லை. பஞ்சில் ஈரம் மட்டும். ஆபீசில் வேலை ஓடவில்லை.

நவம்பர் 6

ராணி போய்விட்டாள். மதியம், நான் இல்லாதபோது. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "மூணேகாலுக்கு. தலையை மட்டும் ரெண்டு தடவ நீட்டுச்சு. அப்புறம் ஒரே மூச்சு."

நடு அறை. ஈரம் பாதி, உலர்வு பாதி.

நான் பார்க்கவில்லை. கோபமாக வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அப்பா மிச்சக் கல்லில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். இன்னும் நாலு அறை, ஒரு கூடம். கூடாது. இந்த மூன்றும் நிரம்பட்டும். பெரிய தலை எறும்புகள் பிறந்தால் வழியை அகலப்படுத்தலாம், தைக்கு அப்புறம் பார்க்கலாம். காலையில் அவரிடம் சொல்ல வேண்டும். சண்டை பிடிப்பார். கம்பி வலை இன்னும் அரை அடி வாங்கணும். வெல்லத் தண்ணீர் மாற்றணும்.