முட்டுக்கட்டைக்காரர்கள்

வீதி முனையில் திரும்பியாக வேண்டிய ஒரு வாகனத்துக்குத் திரும்பும் சக்கரமே இல்லையென்றால் அதை எப்படித் திருப்புவது என்ற கேள்விக்கு, ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேர் ஆண்டுதோறும் ரேவதி நட்சத்திரத்தன்று நான்கு முறை விடை சொல்கிறது. சென்னையில் ஒரு காலத்தில் உற்பத்தியான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரிலும், அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி இங்கிலாந்தில் செய்த ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஒய்யாரமான ஸ்போர்ட்ஸ் காரிலும், முன்சக்கரங்கள் மயிரிழையளவு உள்நோக்கி நிற்கும்படி டை ராடைத் திருகி ஒரு முறை சரிசெய்துவிட்டால் மாதக்கணக்கில் கவலையில்லை. தேருக்கோ முன்னச்சும் பின்னச்சும் அசைந்து கொடுக்காதவை. நேரே செல்வதைத் தவிர வேறொன்றும் அறியாத அந்தப் பிரம்மாண்டத்தை அடிக்கு அடி நேர்ப்படுத்திக்கொண்டே போகவேண்டியிருக்கிறது.

உற்சவத்துக்கு முன்பு கீழச்சித்திரை வீதித் தேர்முட்டிக்கு நான் சென்றபோது, தச்சர் ஒருவர் இடது முன்சக்கரத்திலிருந்து வலது பின்சக்கரத்துக்கும், பிறகு வலது முன்சக்கரத்திலிருந்து இடது பின்சக்கரத்துக்குமாக மாறிமாறி நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தார். இரண்டு அளவும் ஒத்திருந்தால்தான் அச்சுகள் சதுரமாக நிற்கின்றன என்று பொருள். கார் பட்டறைக்காரர்களும் நூல் கட்டிப் பார்ப்பதுண்டு. "ஒரு விரற்கடை பிசகினாலும் தேர் யார் வீட்டுத் திண்ணையையாவது தேடிப் போயிடும், சாமி" என்றார்.

ஆனால் தச்சரின் நூல் தேர் நிற்கும் வரையில்தான். வடம் இழுபட்டு, "ரங்கா! ரங்கா!" என்ற கோஷம் எழுந்த பிறகு சர்வ அதிகாரமும் முட்டுக்கட்டைக்காரர்களுடையது. நீண்ட கைப்பிடியுள்ள ஆப்பு வடிவக் கட்டையை ஒருவர் சுழலும் வலது சக்கரத்தின் முன்னே செருக, சக்கரம் அதன் சரிவில் ஏறித் தயங்குகிறது. இடது சக்கரமோ தயங்காமல் முன்னேறுகிறது. அந்த வேகபேதத்தினால் தேரின் முகம் அணுஅணுவாக வலப்புறம் திரும்புகிறது. கட்டை அரைக்கணம் முந்தினால் தேர் நின்றுவிடும். பிந்தினால் திருப்பம் தவறும். கை வழுக்கினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. முதியவர் ஒருவர் சக்கரத்தைப் பார்க்காமல் வடம் போகும் திசையையே பார்த்துக்கொண்டு, விரலை அசைத்து உத்தரவிட்டுக்கொண்டிருந்தார்.

பிரதட்சிணமாதலால் நான்கு திருப்பங்களும் வலப்புறமே. ஒரு சுற்று முடிவதற்குள் இடது சக்கரங்கள் வலது சக்கரங்களைவிட, இரண்டுக்கும் இடைப்பட்ட அகலத்தைப் போல் ஏறத்தாழ ஆறேகால் மடங்கு அதிகம் உருண்டாக வேண்டும் என்பது க்ஷேத்திர கணிதம். முதியவரிடம் இதைச் சொன்னேன். "அதான் சாமி, வலப்பக்கத்துக் கட்டைதான் முதல்ல தேயுது" என்று இரண்டு கட்டைகளை எடுத்துக் காட்டினார்.

இந்த உற்சவத்துக்கு, இதை 1383-இல் நடத்திவைத்த விஜயநகர அரசகுலத்து விருப்பண்ண உடையாரின் பெயரால் விருப்பன் திருநாள் என்ற பெயர் வழங்குகிறது. கட்டை போட்டவர்களின் பெயரை எந்தச் சாசனமும் பொறித்ததாகத் தெரியவில்லை. அரசர்களின் ஞாபகசக்தி அத்தகையது!

யந்திர யுகம் இவர்களை அகற்றிவிடும் என்று நினைப்போர் திருவாரூருக்குச் செல்லலாம். நெடுங்காலம் ஓடாதிருந்த ஆழித்தேர், திருச்சியை அடுத்த திருவெறும்பூர் பாரத மிகுமின் நிறுவனத்தின் உதவியோடு 1970-இல் மீண்டும் ஓடியது. இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதற்கு வாய்த்தன. வீதி முனையில் சக்கரத்தின் கீழ் கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளையும் இடுகிறார்கள். என்றாலும் முட்டுக்கட்டையின்றி அந்தத் தேர் நகர்வதில்லை. பிரேக் தேரை நிறுத்துமேயன்றித் திசை காட்டாது.

வடக்குச் சித்திரை வீதியில் தேர் சற்று நின்றபோது, முதியவரின் மகன் பின்சக்கரத்தருகே கட்டையோடு குந்தியிருந்தான். முன்சக்கரத்துக்கு எப்போது வருவான் என்று கேட்டேன். "பின்சக்கரத்தில கட்டையைப் பயப்படாம போடுறான், சாமி. பயந்து போடக் கத்துக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, வடம் அசையக் கண்டதும் விரலை உயர்த்தினார்.