காலையில என்ன சாப்பிட்டீங்க?

பள்ளிக்கூடங்களில் சார்ட் அட்டையும் தெர்மோகோலும் மெல்லப் பின்வாங்கி, இப்போது பாட்காஸ்ட் வந்திருக்கிறது. 'உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பேட்டி கண்டு பத்து நிமிட ஒலிப்பதிவாகக் கொண்டு வாருங்கள்' என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். தெர்மோகோலில் மேட்டூர் அணை கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். (அந்த அணையை ராத்திரி கண்விழித்துக் கட்டியது எந்த வீட்டிலும் அப்பாதான்.)

என் பேத்தியும் அவள் கூட்டாளிகள் இரண்டு பேரும் எழுதி வந்த கேள்விகளைப் பார்த்தேன். 'அந்தக் காலத்து வாழ்க்கை எப்படி இருந்தது?' 'இன்றைய இளைஞர்களுக்கு நீங்கள் சொல்ல விரும்பும் அறிவுரை என்ன?' இந்தக் கேள்விகளுக்கு என் வயதுக்காரர்கள் எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது. பேரன் பேத்திகளிடமும், ரயில் சிநேகிதர்களிடமும், டாக்டர் வீட்டு வராந்தாவிலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்ட பதில்கள். காற்று சுத்தமாக இருந்தது, மனிதர்கள் நேர்மையாக இருந்தார்கள், காலணாவுக்கு வயிறு நிறையும். பதிவு செய்தால் பத்து நிமிடம் தாராளமாக வரும். ஆனால் அதில் அந்த மனிதர் எங்கேயும் இருக்க மாட்டார்.

திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. அதன் பண்ணை நிகழ்ச்சிகளுக்காகத் தோளில் டேப் ரெக்கார்டரை மாட்டிக்கொண்டு டெல்டாவின் வரப்புகளில் நடந்து சம்பளம் வாங்கியவன் நான். ஸ்பூல் நாடாவை பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டு நாடா வைத்து ஒட்டி எடிட் செய்த காலம். இப்போது கையடக்க போனில் அதைவிடத் துல்லியமாகப் பதிவாகிறது; ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பிள்ளைகள் கணினியில் வெட்டி ஒட்டுகிறார்கள். கருவி விஷயத்தில் நான் அவர்களுக்குச் சொல்லித்தர அதிகம் இல்லை. ஃபேனை நிறுத்து, ஃபிரிட்ஜ் பக்கத்தில் உட்காராதே, போனை ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் ஒதுக்கி வை. இல்லாவிட்டால் ஒவ்வொரு 'ப'வுக்கும் மூச்சு வந்து மோதும். யாரும் பேசாத அறையின் ஓசையையும் அரை நிமிடம் தனியாகப் பதிந்து வை, வெட்டிய இடங்களை நிரப்ப உதவும். சித்திரை மாதத்தில் ஃபேன் இல்லாமல் உட்காருவதுதான் இதில் கடினமான பகுதி.

ஆனால் ஒலிப்பதிவாளர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. பேட்டி தொடங்குமுன் குரல் அளவு பார்ப்பதற்காக, எதிரில் இருப்பவரிடம் 'காலையில என்ன சாப்பிட்டீங்க?' என்று கேட்போம். பதில் முக்கியமில்லை, மீட்டரில் முள் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் முக்கியம். எத்தனையோ பேட்டிகளில் அந்தப் பதில்தான் உயிரோடு இருந்தது. கம்பங்கூழ், மோர்மிளகாய், நேற்றைய மீன்குழம்பு என்று சரளமாகப் பேசிய அதே விவசாயி, 'இப்போது நிகழ்ச்சி ஆரம்பம்' என்றதும் முதுகை நிமிர்த்தி மேடைத் தமிழில் பேசத் தொடங்கிவிடுவார்.

பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது எங்கள் தெருக்கோடியில் மகன் வீட்டில் இருக்கும் ஒரு ஆயாவை. கீழத்தஞ்சைப் பக்கம் பிறந்து, நடவு நட்டே முதுகு வளைந்தவர். முதல் கேள்வி, எழுதி வந்தபடியே: வாழ்க்கை எப்படி இருந்தது? ஆயா போனை ஒரு தடவை பார்த்தார். "என்னத்தச் சொல்ல, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு." அவ்வளவுதான். அறிவுரைக் கேள்விக்கு "நல்லாப் படிங்க கண்ணு" என்றார். தாளில் இருந்த கேள்விகள் எல்லாம் முடிந்தும் பத்து நிமிடத்தில் பாதிகூட நிறையவில்லை.

அப்போது மூவரில் வாய் பேசாமல் இருந்த பையன் கேட்டான்: "நடவுக்குப் போறப்ப கையில என்ன எடுத்துட்டுப் போவீங்க ஆயா?"

தாளில் இல்லாத கேள்வி. ஆயா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். தூக்குச்சட்டியில் பழையது. வெற்றிலைப் பை. கைப்பிள்ளை இருந்தால் பிள்ளை. வரப்பு மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு இறங்கினால், பிள்ளை அழுதாலும் வரிசையை விட்டு ஏற முடியாது; ஒருத்தி ஏறினால் அவள் பங்கு நடவு பக்கத்தில் நிற்பவள் தலையில் விழும். பால் கட்டி நெஞ்சு வலிக்கும். சொல்லும்போது அவர் வலது கை முழங்காலுக்குக் கீழே தானாகவே நாற்றைக் கிள்ளி ஊன்றிக்கொண்டிருந்தது. போனில் அது பதிவாகாது. ஆனால் குரலில் அந்தக் கையின் தாளம் வந்தது.

"அப்பறம் ரேடியோ நெல்லு வந்துச்சு" என்றார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் பரவியது. ஏறக்குறைய 105 நாளில் அறுவடை, குறுவைக்கு ஏற்றது. வானொலி சொல்லிக் கேட்டுப் பயிரிட்டதால் விவசாயிகள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான் வேலைக்குச் சேருமுன் நடந்தது என்றாலும், எங்கள் நிலையத்தில் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எங்களுக்கு மார்பு ஒரு சுற்று விரியும். ஆயாவுக்கு அது வேறு சங்கதி. "வெரசா வெளையும். வெரசா அறுக்கணும். கதிரு அறுத்த ஈரம் காயறதுக்குள்ள அடுத்த நடவு. குனிஞ்ச முதுகு எங்க நிமிர?" ஒரே நெல்லை இத்தனை வருடம் நான் ஒரு பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன்.

"கூலி எவ்வளவு?" என்று பேத்தி கேட்டாள். நெல்லாகத்தான் அளப்பார்கள் என்று தொடங்கிய ஆயா, மரக்கால், படி, அளக்கிறவன் விரலை உள்ளே விட்டு அளக்கிற சாமர்த்தியம் என்று போய், கூடக் கொஞ்சம் நெல் கேட்டதற்காக வெண்மணியில் நடந்தது வரை வந்து நின்றார். அவர் அந்த ஊர்க்காரர் இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி அவருடைய சேரியில் யாரும் விளக்கேற்றவில்லை என்றார்.

வெண்மணி என்ற பெயரைப் பிள்ளைகள் கேட்டதில்லை. மறுநாள் நூலகத்தில் தேடிப் படித்தார்கள்: 1968 டிசம்பர் 25, கூலித் தகராறில் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டவர்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஆயா வருடத்தைத் தவறாகச் சொல்லியிருந்தார். அதைத் திருத்தி ஒரு வரி பேத்தி தன் குரலில் சேர்த்தாள். ஆயாவின் வாக்கியத்தில் கை வைக்கவில்லை. அதுதான் சரி. நினைவு தேதியில் தடுமாறும், விளக்கேற்றாத ராத்திரியில் தடுமாறாது. இரண்டும் கேட்பவர் காதுக்குப் போக வேண்டும்.

எடிட்டிங்கில்தான் எனக்கும் அவர்களுக்கும் வாக்குவாதம். இருமலை வெட்டலாம், வெட்டட்டும். 'வந்து... வந்து' என்று இழுப்பதையும் குறைக்கலாம். ஆனால் தூளியைப் பற்றிச் சொல்லிவிட்டு ஆயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அதையும் வெட்டி எறிந்திருந்தார்கள். "போர் அடிக்கும் தாத்தா, ஸ்கிப் பண்ணிடுவாங்க." யார் ஸ்கிப் பண்ணுவார்கள்? கேட்கப்போவது ஒரு டீச்சரும் நாற்பது பிள்ளைகளும். அந்த அமைதியைத் திரும்ப வைக்கச் சொன்னேன். முழுதும் வைக்கவில்லை, பாதி வைத்தார்கள். பின்னணியில் போட்டிருந்த வீணை இசையை எடுக்கச் சொன்னதற்கு மட்டும் உடனே ஒத்துக்கொண்டார்கள். சோகத்துக்கு வீணை, சந்தோஷத்துக்கு நாதஸ்வரம் என்ற பழக்கத்தை இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

பள்ளிக்கு அனுப்புமுன் ஆயாவிடம் போட்டுக் காட்டச் சொன்னேன். இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். தன் கொழுந்தனைப் பற்றிச் சொன்ன ஒரு பேச்சு வந்ததும் கையை உயர்த்தினார். "இது வேணாம் பாப்பா. அவரு பேரப் புள்ளைங்க இருக்காங்க." பேத்திக்கு முகம் சுண்டிவிட்டது, நிகழ்ச்சியிலேயே சுவையான இடம் அது. எடுத்துவிட்டார்கள். பேசியவருக்கு வேண்டாம் என்றால் அதற்கு மேல் விவாதம் கிடையாது. பதிவுக் கருவி கையில் இருப்பவர்கள் சீக்கிரம் மறந்துபோகிற விஷயம் இது, தொலைக்காட்சிக்காரர்கள் உட்பட.

வெட்டாத முழுப் பதிவு ஒன்று இருக்கிறதே, அதை ஒரு பென் டிரைவில் போட்டு ஆயாவின் மகனிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கொடுக்குமுன் கோப்பின் பெயரில் ஆயாவின் பெயர், பிறந்த ஊர், பதிவு செய்த தேதி எழுத வேண்டும். இப்போது அதன் பெயர் 'ஆடியோ ஃபைனல் ஃபைனல் நியூ 2'.