அரசமரத்தடியில் வெண்ணெய்க் கண்ணன்

கோயில் வாசலில் உள்ள அரசமரத்தடியில், கண்ணாடி உடைந்த சுவாமி படங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பல ஊர்களில் காணலாம். குப்பையில் இட மனம் ஒப்பாமல், வீட்டிலும் வைத்துக்கொள்ள இயலாமல், மக்கள் அவற்றை அங்கே விட்டுச் செல்கிறார்கள். அச்சுப் படங்களுக்கிடையே சில வேளைகளில் பாட்டனார் காலத்துத் தஞ்சாவூர் ஓவியமும் வந்து சேர்ந்துவிடுகிறது. பழைய வீட்டை ஒழிக்கும் அவசரத்தில், அதன் அருமையை அறியாத பிள்ளைகள் செய்யும் காரியம் அது.

முன்னோர் அதைப் பலகைப் படம் என்பர். பலாப் பலகையின் மீது துணியை ஒட்டி, சுண்ணப் பொடியைப் பசையோடு குழைத்துப் பூசி, வழவழப்பாகும்வரை தேய்ப்பார்கள். நகையும் தூணும் அமையும் இடங்களில் அக்கலவையை மேடாக எழுப்பி, கற்களைப் பதித்துத் தங்கத் தகட்டை ஒட்டுவார்கள். அதன் பின்னரே வண்ணம் தீட்டப்படும். நாயக்கர், மராட்டியர் காலங்களில் வளர்ந்த இக்கலை, 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜியின் ஆதரவில் செழித்தது.

புதிதாக வாங்குவோர், தகடு உண்மையான தங்கமா என்று கேட்டு, ரசீதிலும் அதை எழுதி வாங்குதல் நலம். போலித் தகடு சில ஆண்டுகளில் கறுத்துவிடும். பல நாள் உழைப்பில் உருவான பொருளுக்குக் கறிகாய் போலப் பேரம் பேசுவது முறையன்று.

பூஜை அறையில் ஓவியத்தை விளக்கின் புகையும் கற்பூரத்தின் கரியும் தாக்காத தொலைவில் மாட்ட வேண்டும். ஈரம் கசியும் சுவரும் நேர் வெயிலும் ஆகா. சந்தனம், குங்குமத்தைக் கண்ணாடியின் மீதே இட வேண்டும். ஈரத் துணியால் ஒருபோதும் ஓவியத்தைத் துடைக்கலாகாது; சுண்ணப் பூச்சு நீரில் இளகும்.

நாகர்கோவிலில் உள்ள வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளுக்கும் இத்தகைய கவனம் தேவை. கெம்புக் கல் பதித்த இவை தெய்வத் திருமேனிக்கும் பரதநாட்டிய அரங்கிற்கும் உரியவை. வெள்ளியின் மீது தங்கத் தகடு போர்த்திச் செய்த நகையைப் புளியோ சோப்போ இட்டுத் தேய்த்தால் தகடு போய்விடும். வெந்நீர் பட்டால் கல்லின் பிடிப்பு தளரும். அணிந்தபின் மென்மையான பருத்தித் துணியால் வியர்வையை ஒற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி வைப்பதே போதும்.

கண்ணாடி உடைந்தது என்பதற்காக ஓவியத்தையே துறக்க வேண்டியதில்லை. கண்ணாடியை மாற்றினால் போதும். வண்ணம் உதிர்ந்திருந்தால், பழைய முகத்தை அழித்து மீண்டும் எழுதாமல், உதிர்ந்த இடத்தை மட்டும் சீர் செய்யத் தெரிந்த கைவினைஞரை நாடலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலான பராமரிப்பு ஒன்று உண்டு. யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த வேண்டுதலுக்காக என்பதை ஒரு தாளில் எழுதி, சட்டத்தின் பின்புறம் உறையிலிட்டு வைப்பதே அது. பெரியவர்கள் சொல்லாமல் சென்றுவிட்டால், பேரப் பிள்ளைகளுக்கு அது வெறும் பழைய பலகை. நான்கு வரி எழுதி வைத்துவிட்டால், வெண்ணெய்க் கண்ணன் அரசமரத்தடிக்குப் போக நேராது.